செல்போன் சொல்லும் யோசனை: எதை ஏற்கலாம், எதில் நிதானிக்கலாம்?

செல்போன் நுழையாத கிராமம் இன்று நமது மாநிலத்தில் இல்லை என்றே சொல்லலாம். மழை வருமா என்று பார்ப்பது, பட்டா நகல் எடுப்பது, சந்தை விலை விசாரிப்பது, நோய் கண்ட இலையைப் படம் பிடித்து மருந்து கேட்பது என்று பல வேலைகளை விவசாயிகள் போனிலேயே முடித்துக்கொள்கிறார்கள். இதனால் விவசாயிகள் கூட்டங்களில் என்னிடம் கேட்கப்படும் கேள்வியும் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "இந்தப் பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்பார்கள். இப்போது "போன் இந்த மருந்தைச் சொல்கிறது, அடிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். பலர் அடித்து முடித்த பிறகே கேட்கிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது.

நான் பயிர் படித்தவன், கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. இந்தப் புதிய வசதிகளை உங்களைப் போலவே சாதாரணமாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்த முறையில் எனக்குத் தோன்றும் கருத்துகளை, பயிர் அறிவோடு சேர்த்து இங்கே சொல்ல விரும்புகிறேன். சுருக்கமாகச் சொன்னால், செய்தி கொண்டு வரும் வேலையை இவை நன்றாகச் செய்கின்றன. வயலைப் பார்த்து முடிவு எடுக்கும் வேலையை இவற்றிடம் விட்டுவிடக் கூடாது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஒரு போகத்தில் ஏற்படும் தவறு அடுத்த போகத்துக்கான கடனாக மாறிவிடுகிறது. ஆகவே எந்த யோசனையை உடனே ஏற்கலாம், எதில் நிதானிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

"ரேடியோ நெல்" சொல்லும் பாடம்

புதிய சாதனம் ஒன்று விவசாயிக்கு யோசனை சொல்வது இது முதல் தடவை அல்ல. 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் ரகம் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு அதில் பெரும்பங்கு வகித்தது. விவசாயிகள் அந்த ரகத்துக்கு "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு வானொலிப் பெட்டியால் ஒரு ரகம் பரவியது என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம்.

அன்று வானொலி தனியாக வேலை செய்யவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். தீவிர விவசாய மாவட்டத் திட்டம் 1960-61இல் தஞ்சையில் தொடங்கப்பட்டிருந்தது. விதையும் உரமும் பக்கத்தில் கிடைத்தன. கூட்டுறவுச் சங்கம் கடன் கொடுத்தது. கிராம சேவக் வயலுக்கு வந்து நாற்றங்காலைப் பார்த்தார். வானொலி சொன்னதில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் இருந்தார். இன்றைய போனையும் இந்த அளவுகோலை வைத்தே பார்க்க வேண்டும். அது சொல்வதைச் சரிபார்க்க, பக்கத்தில் விவரம் தெரிந்த ஆளும் இருக்க வேண்டும்.

தயங்காமல் பயன்படுத்த வேண்டியவை

முதலாவது, நில ஆவணங்கள். பட்டா, சிட்டா, அ-பதிவேடு விவரங்களைத் தமிழக அரசின் இணைய சேவையில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் தளத்தில் பார்க்க முடிகிறது. தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் விட்டு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது உங்கள் சர்வே எண்ணைப் போட்டுப் பெயர், பரப்பளவு, உட்பிரிவு எண் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறு இருந்தால் அமைதியான காலத்திலேயே மனு கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். கடன் வாங்கவும் காப்பீடு செய்யவும் போகும்போது அவசரப்பட வேண்டியிராது.

இரண்டாவது, தமிழக அரசு 2018இல் கொண்டு வந்த உழவன் செயலி. மானியத் திட்டங்கள், உர இருப்பு, விதை இருப்பு, வாடகை இயந்திரங்கள், சந்தை விலை, வானிலை ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கின்றன. மானியத்துக்கு முன்பதிவு செய்யும் வசதியும் உண்டு. திட்டம் வந்திருக்கிறது என்று தெரியாமலே கைவிட்டுப் போன சிறு விவசாயிகள் பலர். அந்தக் குறையை இது ஓரளவு தீர்க்கிறது.

மூன்றாவது, 2004ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய கிசான் கால் சென்டர். இதற்குப் பட்டன் போனே போதும். 1800-180-1551 என்ற எண்ணுக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றிப் பேசலாம். தமிழில் பதில் கிடைக்கும். படம் காட்ட முடியாது என்பது இதன் குறை. கேள்வி கேட்பவரிடம் மறுகேள்வி கேட்கும் மனிதர் மறுமுனையில் இருப்பது இதன் சிறப்பு. பயிரின் வயது என்ன, தண்ணீர் நிற்கிறதா, எத்தனை நாளுக்கு முன் உரம் போட்டீர்கள் என்று அவர் கேட்பார். நல்ல யோசனை அந்த மறுகேள்வியில்தான் தொடங்குகிறது.

வானிலைச் செய்தியைப் பயன்படுத்தும் முறை

இந்திய வானிலைத் துறையின் முன்னறிவிப்போடு சேர்த்துப் பயிர் யோசனைகளும் செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில் வெளியிடப்படுகின்றன. 2019இல் வந்த மேக்தூத் செயலியில் இவற்றைத் தமிழில் படிக்கலாம். அடுத்த ஐந்து நாட்களுக்கான மழை, வெப்பநிலை, காற்று, ஈரப்பதம் ஆகியவை அதில் இருக்கும்.

இந்தச் செய்தி ஒரு மாவட்டத்துக்கோ வட்டாரத்துக்கோ சொல்லப்படுவது. உங்கள் சர்வே எண்ணுக்குச் சொல்லப்படுவது அல்ல. பக்கத்து ஊரில் கொட்டிய மழை உங்கள் வயலில் தூறலாக நின்றுவிடலாம். ஆகவே நான் ஒரு எளிய முறையைச் சிபாரிசு செய்கிறேன். தள்ளிப்போட்டால் பெரிய நஷ்டம் வராத வேலைகளில் முன்னறிவிப்பை அப்படியே கேளுங்கள். மருந்து தெளிப்பு, யூரியா மேலுரம் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. மழை வரும் என்றால் ஒரு நாள் பொறுத்தால் போதும். மாறாகத் தெளித்துவிட்டு மழை பெய்தால் மருந்துச் செலவும் கூலியும் வீண். தேதி பார்த்துச் செய்யும் பெரிய செலவுகளில் மட்டும் முன்னறிவிப்பை வைத்தே முடிவு கட்ட வேண்டாம். மானாவாரி நிலத்தில் விதைப்பதற்கு முன் மண்ணைத் தோண்டி ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கையால் பார்த்த பிறகே விதைப்பது நல்லது.

மழை அளவையும் கணக்கிடக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு மில்லி மீட்டர் மழை என்றால் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று பொருள். 10 மில்லி மீட்டர் பெய்தால் 40,000 லிட்டர். எனவே மழைக்கு மறுநாளே மோட்டாரைப் போடாமல், மண்ணைப் பார்த்து அடுத்த பாசனத்தைத் தள்ளி வைக்கலாம்.

சந்தை விலையில் நடு விலையைப் பாருங்கள்

தேசிய வேளாண் மின்னணுச் சந்தை 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. நமது மாநிலத்தின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் பலவும் அதில் இணைந்துள்ளன. விலை விவரம் வெளியிடும் இடங்களில் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலான சரக்கு விற்ற விலை என்று மூன்று எண்கள் வழக்கமாக இருக்கும். நமது விவசாயிகளின் கண் நேராக அதிக விலைக்குத்தான் போகிறது. அந்த விலை அன்றைக்கு வந்த சரக்கில் மிகச் சிறந்த ஒரு குவியலுக்குக் கிடைத்ததாக இருக்கலாம். பெரும்பாலான சரக்கு விற்ற விலையே உங்களுக்கு உண்மையான வழிகாட்டி.

ஒரு உதாரணம் பார்ப்போம். தோட்டத்தில் 500 கிலோ தக்காளி இருக்கிறது. உள்ளூர் வியாபாரி கிலோ ரூ.24க்குக் கேட்கிறார். மொத்தம் ரூ.12,000. போனில் தூரத்துச் சந்தையின் அதிக விலை ரூ.36 என்று தெரிகிறது. ரூ.18,000 கிடைக்கும் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் அங்கே பெரும்பாலான சரக்கு விற்றது ரூ.30க்கு. அதன்படி ரூ.15,000 வரவேண்டும். வழியில் 20 கிலோ நசுங்கிப்போனால் ரூ.600 போயிற்று. வண்டி வாடகை ரூ.1,600, ஏற்றுகூலி இறக்குகூலி ரூ.400. கழித்தால் கையில் நிற்பது ரூ.12,400. நானூறு ரூபாய்க்காக ஒரு நாள் முழுவதும் செலவாகிறது. இதையே நான்கு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் 2,000 கிலோ கொண்டு போனால் வாடகை பங்கிடப்படும், கணக்கு மாறும். ஆகவே போனில் விலை பார்ப்பது முதல் படிதான். காகிதத்தில் செலவைக் கழித்துப் பார்ப்பது இரண்டாவது படி. இரண்டும் முடிந்த பிறகே வண்டியைக் கூப்பிடுங்கள்.

இலையின் படம் மட்டும் போதுமா?

இனி நான் மிகவும் நிதானிக்கச் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். பூச்சி, நோய் தாக்கிய பயிரைப் படம் பிடித்து அனுப்பினால் என்ன என்று சொல்லும் செயலிகள் பல வந்துவிட்டன. மத்திய அரசே 2024 ஆகஸ்டில் தேசிய பூச்சிக் கண்காணிப்பு முறை என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. கம்ப்யூட்டரில் முன்பே சேர்த்து வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிட்டு, எதைப் போல இருக்கிறது என்று அது சொல்கிறது. படம் தெளிவாக இருந்து, அறிகுறியும் தனித்தன்மை உடையதாக இருந்தால் பதில் பெரும்பாலும் உதவும். படைப்புழுவை நேராகப் படம் எடுத்தால் அது படைப்புழு என்று சொல்லிவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது? ஒரே மாதிரி தோன்றும் வெவ்வேறு நோய்களில் வருகிறது. நெல்லில் குலை நோய்ப் புள்ளி இரு முனையும் கூரான கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறமாக இருக்கும். செம்புள்ளி நோயில் புள்ளிகள் எள் போல, முட்டை வடிவத்தில் பழுப்பாக இருக்கும். ஆரம்பத்தில் இரண்டையும் பிரிப்பது பழகிய கண்ணுக்கே கடினம். குலை நோயில் தழைச்சத்தைக் குறைக்க வேண்டும். செம்புள்ளி நோயோ பெரும்பாலும் சத்துக் குறைந்த மண்ணில், சாம்பல்சத்துப் பற்றாக்குறையில் அதிகமாகிறது. அங்கே மண்ணைக் கவனிக்காமல் மருந்தை மட்டும் அடித்துப் பயனில்லை.

பயிர் மஞ்சளாகிக் குட்டையாக நின்றால் துங்ரோவாக இருக்கலாம், துத்தநாகப் பற்றாக்குறையாகவும் இருக்கலாம். துங்ரோ வைரஸ் நோய். பச்சை தத்துப்பூச்சி அதைப் பரப்புகிறது. துத்தநாகக் குறையானால் நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் தெரியும். அதற்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் என்பது சிபாரிசு. ஒன்றை மற்றொன்றாக எண்ணினால் பூச்சிமருந்துக் கடைக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் வீண்.

படத்தில் விழாத பூச்சியும் உண்டு. புகையான் நெல் தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. மேலே இலையைப் படம் எடுத்தால் அது தெரியாது. வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்தாற்போல் தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஆகவே வயலுக்குள் இறங்கி, குத்தை இரு கையாலும் விலக்கி அடியில் பார்க்க வேண்டும். தூருக்கு ஒரு பூச்சிக்கு மேல் இருந்தால்தான் மருந்து பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமானால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம், ஏனெனில் அந்தச் சிலந்தி உங்களுக்காகக் கூலியில்லாமல் வேலை செய்கிறது. தண்ணீரை வடித்துக் காயவிடுவதும், நடும்போதே 8 அடிக்கு ஒரு அடி பட்டம் விடுவதும் புகையானைக் கட்டுப்படுத்தும். செயற்கை பைரித்ராய்டு மருந்துகளை அடித்தால் சிலந்தி முதலான நன்மை செய்யும் பூச்சிகள் மடிந்து, புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகும். பூச்சியின் பெயரைச் சொன்னவுடன் மருந்தின் பெயரையும் சொல்லும் செயலி, சிலந்தியை எண்ணிப் பார்த்தீர்களா என்று கேட்கிறதா என்பதைக் கவனியுங்கள். கேட்காத செயலியின் மருந்துப் பரிந்துரையை ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து.

அளவில் வரும் ஆபத்து

யூடியூப் காட்சிகளிலும், 2022 நவம்பருக்குப் பின் பரவலாகிவிட்ட சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் சாதனங்களிலும் அளவு விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. இந்தச் சாதனங்கள் தமிழிலேயே சரளமாகப் பதில் சொல்கின்றன. தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்கின்றன. அங்கேதான் சாதாரண மனிதர் ஏமாறுகிறார்.

ஆராய்ச்சிச் சிபாரிசுகள் பெரும்பாலும் ஹெக்டேருக்கு எழுதப்படுகின்றன. ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்று ஒரு சிபாரிசு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து. யூரியாவில் தழைச்சத்து 46 சதம் என்பதால், ஏக்கருக்கு ஏறத்தாழ 130 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அதையும் பிரித்துப் பிரித்து இடவேண்டும். ஹெக்டேர் என்பதை ஏக்கர் என்று எடுத்துக்கொண்டால் ஏழு மூட்டைக்கு மேல் போகும். பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து, குலை நோயையும் புகையானையும் வா என்று அழைக்கும். மாறாக 60 கிலோ தழைச்சத்து என்பதை 60 கிலோ யூரியா என்று எண்ணினால் பயிருக்குப் பாதி உணவுகூடக் கிடைக்காது. ஒரே சிபாரிசு, படிக்கும் விதத்தில் இரண்டு வகையாகவும் கெடுக்கிறது. தஞ்சைப் பகுதியில் மா, வேலி என்று கணக்கிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மருந்திலும் இதே கதைதான். பழைய காட்சிகளும் வெளிநாட்டுக் காட்சிகளும் தேதி தெரியாமல் சுற்றி வருகின்றன. எண்டோசல்ஃபான் மருந்துக்கு உச்ச நீதிமன்றம் 2011இல் தடை விதித்தது. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிர்களில் அடிக்கக் கூடாது. இத்தகைய மருந்துகளைச் சொல்லும் பழைய யோசனை யார் கண்ணிலாவது பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே போன் எந்த மருந்தைச் சொன்னாலும், டப்பாவின் லேபிளில் உங்கள் பயிரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறதா, ஏக்கருக்கு எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று படித்துப் பாருங்கள். கடையில் ரசீது வாங்குங்கள்.

மண் பரிசோதனை விவரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலங்களில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்ற கணக்கில் மாதிரி எடுக்கப்பட்டது. இரண்டரை ஹெக்டேர் என்பது ஆறு ஏக்கருக்கு மேல். அந்தக் கட்டத்துக்குள் நான்கைந்து சிறு விவசாயிகளின் நிலம் இருக்கலாம். இத்தகைய அட்டையில் தெரியும் எண் உங்கள் அண்டை நிலத்தில் எடுத்த மண்ணுடையதாகவும் இருக்கக்கூடும். பகுதியின் போக்கை அறிய அது நல்லது. உரக் கணக்குக்கு, உங்கள் வயலில் பல இடங்களில் எடுத்துக் கலந்த அரைக் கிலோ மண்ணை ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்ப்பதே சிறந்தது.

பணம் பறிக்கும் வலை

2019இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.6,000 மூன்று தவணையாக நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இந்தத் திட்டத்தின் பெயரையே சொல்லி வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. என்று முடியும் கோப்புகளை அனுப்பும் மோசடிக் கும்பல்கள் கிளம்பியுள்ளன. அதைத் தொட்டுப் போனில் ஏற்றினால், போனுக்கு வரும் ரகசிய எண்கள் அவர்கள் கைக்குப் போய்விடும். விதைக்க வைத்திருந்த பணம் ஒரு நிமிஷத்தில் காணாமல் போகும்.

எந்த அரசுத் திட்டமும் வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பி ஏற்றச் சொல்லாது. ஓ.டி.பி. எண்ணைப் போனில் யார் கேட்டாலும், அதிகாரி என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். செயலி வேண்டுமானால் போனில் உள்ள பிளே ஸ்டோரில், அதை வெளியிட்டது எந்தத் துறை என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசி, வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

கதவை மூடிவிடக் கூடாது

ஒரு அதிகாரியால் எல்லா வயலுக்கும் போக முடியுமா, அந்த இடைவெளியைப் போன் நிரப்புகிறதே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. போன் நிரப்பட்டும், அதை நான் வரவேற்கிறேன். போன் இருக்கிறது என்பதைக் காரணமாகக் காட்டி வயலுக்கு வரும் ஆளைக் குறைத்துவிடக் கூடாது என்பதே என் வாதம். 1980களில் பயிற்சியும் வயல் பார்வையும் சேர்ந்த விரிவாக்க முறை நடைமுறைக்கு வந்தபோது, பதினைந்து நாளுக்கு ஒரு முறை இன்ன கிழமையில் அலுவலர் வருவார் என்று விவசாயிக்குத் தெரிந்திருந்தது. அந்த முறையிலும் குறைகள் இருந்தன. ஆனால் கேட்பதற்கு ஒரு நாளும் ஒரு முகமும் இருந்தன.

போன் வழியாகவே எல்லாம் என்று ஆகும்போது விடுபடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். குத்தகைதாரர் விடுபடுகிறார். பி.எம். கிசான் உதவி நிலம் பெயரில் உள்ளவருக்கே உரியது. பல பதிவுகளில் பட்டா எண் கேட்கப்படுகிறது. வெயிலில் நின்று பயிர் செய்கிறவரின் பெயர் கம்ப்யூட்டரில் எங்கும் இல்லை. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரருக்கும் இடம் உண்டு என்பதை அவர்கள் தெரிந்துகொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெற்றுச் சேர வேண்டும். அறுத்துக் காயப்போட்ட பயிர் புயலிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால், 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதற்குச் செயலியும் உண்டு, 14447 என்ற இலவச எண்ணும் உண்டு. புயலில் கரண்டும் டவரும் போன ஊரில் இரண்டுமே வேலை செய்யாமல் போகலாம். அப்போது வங்கிக்கும் விரிவாக்க மையத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள்.

பெண்களும் விடுபடுகிறார்கள். நாற்றுப் பறிப்பதும், நடுவதும், களை எடுப்பதும் அவர்கள். பூச்சியை முதலில் பார்ப்பதும் அவர்கள். போனோ பல வீடுகளில் கணவர் கையிலோ மகன் கையிலோ இருக்கிறது. பார்த்தவர் ஒருவர், கேட்பவர் வேறொருவர் என்றால் யோசனை எப்படிப் பொருந்தும்?

ஆகவே இந்தச் சேவைகளை நடத்துகிறவர்களுக்கு, நான் பணி செய்யும் துறையையும் சேர்த்தே, சில வேண்டுகோள்களை வைக்கிறேன். போனில் செய்யக்கூடிய ஒவ்வொரு பதிவையும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் வந்து கையெழுத்துப் போட்டும் செய்ய வழி இருக்க வேண்டும். ஒவ்வொரு சிபாரிசும் ஏக்கர் கணக்கில், உர மூட்டைக் கணக்கில் சொல்லப்பட வேண்டும். எந்த ஆராய்ச்சி நிலையம் சொன்னது, எந்த ஆண்டு சொன்னது என்பது ஒவ்வொரு பதிலின் கீழும் இருக்க வேண்டும். மருந்து விற்கும் நிறுவனமே நோயையும் கண்டுபிடித்துச் சொல்கிறது என்றால், அந்த உறவு முதல் வரியிலேயே தெரிவிக்கப்பட வேண்டும். புதிது புதிதாகச் செயலி வெளியிடுவதைவிட, இருக்கும் இரண்டு மூன்றை ஒழுங்காகப் பராமரிப்பது மேல்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். போன் என்ன சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது, நீங்கள் என்ன செய்தீர்கள், பலன் என்ன என்று நாலு வரி எழுதுங்கள். இரண்டு போகம் எழுதினால் எந்தச் செயலியை எதில் நம்பலாம் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். புதிய ரகமோ, புதிய மருந்தோ, புதிய உரமோ எதுவானாலும் முதல் தடவை பத்து செண்டில் மட்டும் செய்து பாருங்கள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்கும்போது ஊர், மண் வகை, ரகம், பயிரின் வயது, கடைசியாக இட்ட உரம் எல்லாவற்றையும் சொல்லிக் கேளுங்கள். பதில் வந்ததும், இதை எந்தப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். அந்தப் பதிலையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் தளத்தில் உள்ள தமிழ்ப் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படத்தைப் பார்த்துப் போன் ஒரு மருந்தைச் சொன்னால், கடைக்குப் போவதற்கு முன் அந்தச் செடியை வேரோடும் அடிமண்ணோடும் பிடுங்கி, நல்ல செடி ஒன்றையும் கூடவே எடுத்துக்கொண்டு, பக்கத்து விரிவாக்க மையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டு போங்கள். போன் சொன்னதையும் அங்கே காட்டுங்கள். சரி என்று சொன்னால் அன்று மாலையே தெளிக்கலாம். தவறு என்றால் ஒரு டப்பா மருந்தின் விலையும் ஒரு ஆள் கூலியும் உங்களுக்கு மிச்சம்.